தட்டாத கதவு

சாவிக்காரருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு கர்வம் இருந்தது. பூட்டிய கதவு எதுவானாலும் திறந்துவிடுவார் என்பதல்ல. அதைத் திருடன்கூடச் செய்வான், கூலி கேட்காமலே செய்வான். திறக்கக்கூடாத ஆளுக்கு ஒரு நாளும் திறந்ததில்லை என்பதுதான் அவருடைய கர்வம்.

அதற்கென்று ஒரு வழக்கம் வைத்திருந்தார். சாவி தொலைந்துவிட்டது, வந்து திறந்து கொடுங்கள் என்று யார் கூப்பிட்டாலும் சரி, முதலில் எதிர்வீட்டுக் கதவையோ மேல்வீட்டுக் கதவையோ போய்த் தட்டுவார். "இது இவங்க வீடுதானா?" என்று கேட்பார். ஆமாம் என்று ஒரு வாய் சொன்னால்தான் கருவிப் பை தோளிலிருந்து கீழே இறங்கும். ஒரு முறை வங்கி மேலாளர் ஒருவர் குளித்துக்கொண்டிருந்தபோது மணி அடித்தது என்று வெளியே வந்து எட்டிப் பார்த்தார். காற்று கதவைச் சாத்திவிட்டது. தலையில் சோப்பு, இடுப்பில் துண்டு. சாவிக்காரர் வந்து நிதானமாக எதிர்வீட்டைத் தட்டினார். எதிர்வீட்டுக்காரருக்கும் மேலாளருக்கும் வண்டி நிறுத்தும் இடத்தில் தீராத சண்டை. "இந்த மூஞ்சியை நான் பார்த்ததே இல்லையே" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார் மனுஷன். மேலாளர் கெஞ்சினார், கத்தினார், அடிக்கவே வந்தார். கடைசி வீட்டு அம்மா வெளியே வந்து ஆமாம் சொல்லும்வரை சாவிக்காரர் அசையவில்லையே!

இந்தச் சட்டத்தைப் போட்டது அவருடைய அக்கா. தொழிலுக்கு வந்த புதிதில், யாரோ ஒருவனுக்குக் கதவைத் திறந்து கொடுத்துவிட்டுக் கூலியோடு சிரித்துக்கொண்டே வந்து நின்ற தம்பியை அவள் ஒரு கேள்வி கேட்டாள்.

"அது அவன் வீடுதான்னு உனக்கு யாருடா சொன்னா?"

தம்பி முழித்தான். திரும்பிப் போய் விசாரித்து, அது அவன் வீடுதான் என்று தெரிந்துகொண்டு வந்தபிறகுதான் தட்டில் சோறு விழுந்தது. அன்றிலிருந்து தட்டாமல் திறந்ததில்லை.

அந்த அக்காவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள். மற்றவர்கள் படுத்து எழுந்த விரிப்புகளை நீராவியில் போட்டு எடுத்துத் தேய்த்து மடித்தே முழங்கால் இரண்டும் தேய்ந்துபோயின. கல்யாணம் ஆனது; வேலைக்கென்று கிளம்பிய புருஷன் வேறொரு குடும்பத்துக்குப் போய்ச் சேர்ந்தார். "போறப்ப குடையை எடுத்துட்டுப் போயிட்டாருடா, அது நல்ல குடை" என்பாள். அவ்வளவுதான் அந்தத் துக்கத்தைப் பற்றி அவள் வாயிலிருந்து வந்தது. தம்பியை வளர்த்ததும் அவள்தான். அவனுக்கும் ஏனோ கல்யாணம் கூடிவரவில்லை. இரண்டு பேரும் வாடகை அறைகளில் வாழ்ந்து, வருஷா வருஷம் பாத்திரங்களை அதே சாக்கில் கட்டி, அவிழ்த்து, மறுபடியும் கட்டினார்கள். இப்போது இருப்பது ஓர் அச்சகத்தின் பின்கட்டு. இயந்திரம் ஓடினால் தட்டு டம்ளரெல்லாம் நடுங்கும். அதையும் காலி செய்யச் சொல்லி வீட்டுக்காரர் நச்சரித்துக்கொண்டிருந்தார்.

அக்காவுக்கு நகை வேண்டாம், புடவை வேண்டாம். "யாரும் வந்து காலி பண்ணுன்னு சொல்லாத ஒரு கதவு வேணும்டா. அதுக்குள்ள செத்தாலும் பரவாயில்ல" என்பாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த மொத்தப் பணத்தையும் அந்தக் கதவுக்கென்று தொடாமல் வைத்திருந்தாள்.

இனி வெள்ளைச்சட்டைக்கு வருவோம். வராமல் முடியுமா? அந்தப் பாவி இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை.

வீடு, மனை வாங்கி விற்றுத் தரும் தரகர் அவன். எந்த வெயிலிலும் கசங்காத வெள்ளைச் சட்டை. ஒரு நாள் சாவிக்காரரை ஓர் அடுக்குவீட்டின் தரைத்தளத்துக்கு வரச் சொன்னான். வீட்டுச் சொந்தக்காரர் வெளிநாட்டில் இருக்கிறாராம், சாவி தொலைந்துவிட்டதாம், புதுப் பூட்டுப் போடச் சொல்லிவிட்டாராம். போனை நீட்டினான். அந்தப் பக்கம் ஓர் ஆண்குரல், "ஆமாப்பா, போட்டுக் குடு" என்றது. எதிர்வீடு பூட்டிக் கிடந்தது. சாவிக்காரர் மாடிப்படியை நிமிர்ந்து பார்த்தார். மேலே ஒரு வீட்டில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

"என்னண்ணே, என்னையே சந்தேகப்படறீங்களா?" வெள்ளைச்சட்டை தோளில் கை போட்டான். "இந்த ஏரியாவுல இருக்கற என் வேலை எல்லாம் இனிமே உங்களுக்குத்தான். வேற ஆளைத் தேட மாட்டேன்."

ரேடியோ பாடிக்கொண்டே இருந்தது. சாவிக்காரர் படியேறவில்லை. பையை இறக்கினார், பூட்டைத் திறந்தார். உள்ளே ஒரு மர அலமாரி இருந்தது. அதையும் திறக்கச் சொன்னான், அதையும் திறந்தார். புதுப் பூட்டைப் போட்டு முடித்து, எப்போதும் செய்வதுபோலத் தன் பெயர்ச்சீட்டைக் கதவு நிலையில் ஒட்டினார். 'பூட்டு, சாவி, எந்த நேரமும்' என்று எழுதி, கீழே போன் எண். அது ஒன்றுதான் அவர் செய்த விளம்பரம்.

சொன்னபடியே வேலை கொட்டியது. ஒவ்வொரு வேலைக்கும் கையோடு கூலி, தோளில் கை, ஒரு டீ. சில மாதம் கழித்து, அந்தத் தரைத்தள வீடு விலைக்கு வருகிறது என்றான். "மார்க்கெட் விலையில பாதிதாண்ணே. ஓனருக்கு அவசரம். இன்னொரு பார்ட்டி பணத்தோட நிக்கறாங்க. ஆனா நீங்க நம்ம ஆளு. அக்காவுக்கு முழங்கால் வலின்னு சொன்னீங்களே, தரைத்தளம், படியே ஏற வேணாம்."

அக்கா வீட்டைப் பார்த்தாள். சமையலறை ஜன்னலைத் திறந்து மூடினாள். குழாயைத் திருகித் தண்ணீரைக் கையில் பிடித்துப் பார்த்தாள். கதவு நிலையை உள்ளங்கையால் ஒருதரம் தடவினாள். முகம் மலர்ந்துவிட்டது, ஆனாலும் அவள் அக்கா அல்லவா? "ஒரு வக்கீல்கிட்ட பத்திரத்தைக் காட்டிடலாம்டா. சொந்தக்காரரை நேர்ல ஒரு தரம் பார்த்துடலாம்" என்றாள்.

சாவிக்காரர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

"அக்கா, அந்தப் பூட்டைப் போட்டதே நான். வீட்டைப் பாக்க அவன் குடுத்த சாவி என் பையில இருக்கு. சாவி நம்ம கையில இருக்கறப்ப வீடு வேற யாரோடதா ஆயிடும்? வக்கீலுக்கு எதுக்கு தண்டம் அழணும்?"

எத்தனையோ பேரிடம் சந்தேகப்பட்ட மனுஷன், தன் கையால் போட்ட பூட்டைச் சந்தேகப்படவில்லை. பூட்டுக்காரனைத் தவிர வேறு யாராவது இப்படி ஏமாறுவானா, சொல்லுங்கள்! வெள்ளைச்சட்டை பத்திரத்தின் நகலைக் காட்டினான். மூலப்பத்திரம் வங்கியில் இருக்கிறது, பதிவு செய்யும் அன்று வந்துவிடும் என்றான். பணம் முழுவதையும் ரொக்கமாகக் கேட்டான். அக்காவின் பணத்தோடு தன் சேமிப்பையும் சேர்த்துச் சாவிக்காரர் கொடுத்தார். ஒரு முத்திரைத்தாளில் எதையோ எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். பதிவுத் தேதி தள்ளிப் போனது. மறுபடியும் தள்ளிப் போனது. ஓனருக்கு டிக்கெட் கிடைக்கவில்லை, ஓனருக்கு உடம்பு சரியில்லை என்று ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம். அக்கா புருவத்தைச் சுருக்கும்போதெல்லாம் தம்பி சட்டைப் பையைத் தட்டிக் காட்டுவார். சாவி உள்ளே கலகலக்கும்.

பணம் கைமாறிய அன்றே சாவிக்காரர் அந்த வீட்டின் பூட்டைக் கழற்றிவிட்டு, தன் கடையிலேயே உயர்ந்த பூட்டை எடுத்துப் போட்டார். கம்பியால் நெம்ப முடியாது, கள்ளச்சாவி போட முடியாது, உடைத்தால்தான் உண்டு. அதற்கு இரண்டே சாவி. ஒன்று அவரிடம். இன்னொன்றை அக்கா கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். பதிவு முடியாமல் குடிபோகக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தாள். ஆனால் தினமும் ஒரு வாளியோடு போய்த் தரையைத் தேய்த்துவிட்டு வருவாள். மாடியிலிருந்து பார்த்தவர்கள், யாரோ வாடகைக்கு வருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். சுவரலமாரித் தட்டுகளுக்குக் காகிதம் வெட்டிப் போட்டாள். மடக்குக் கட்டில் ஒன்றைக் கொண்டுபோய் ஜன்னலோரம் போட்டாள். வாசலுக்கு ஒரு மிதியடி வாங்கினாள். "பழைய வீட்டுலேர்ந்து எதை வேணா எடுத்துட்டுப் போகலாம், மிதியடி மட்டும் புதுசா இருக்கணும்" என்று அதற்கொரு நியாயம் வேறு.

ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில் போன் வந்தது. சாவிக்காரர் கடையில் சாவி ஒன்றை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார்.

"பூட்டுக்காரருங்களா? என் வீட்டு வாசல்ல நிக்கறேங்க. என் சாவி உள்ள நுழையவே மாட்டேங்குது. கதவுல உங்க நம்பர் ஒட்டியிருந்துச்சு." வயதான பெண்குரல். நிறுத்தி நிதானமாகப் பேசுகிற குரல்.

"விலாசம் சொல்லுங்கம்மா, வந்துடறேன்."

அந்த அம்மா விலாசத்தைச் சொன்னார். சாவிக்காரர் கையிலிருந்த அரம் கீழே விழுந்தது.

எப்படி அங்கே போய்ச் சேர்ந்தார் என்று அவருக்கே தெரியாது. வழியெல்லாம் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். வீட்டு எண்ணை மாற்றிச் சொல்லியிருப்பார்கள். பக்கத்துக் கட்டடமாக இருக்கும். யாரோ மூளை கலங்கிய கிழவியாகக்கூட இருக்கலாம், ஆண்டவா, அப்படியே இருக்கட்டும்.

அக்கா வாங்கிய மிதியடியின் மேல் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு அந்த அம்மா நின்றிருந்தார். பருத்திப் புடவை, கண்ணாடி, பயணக் களைப்பு. கையில் பழைய சாவி ஒன்று. அதைப் பார்த்தவுடனே சாவிக்காரருக்குத் தெரிந்துவிட்டது. இந்தக் கதவிலிருந்து அவர் முதன்முதலில் கழற்றி எறிந்த பூட்டின் சாவி அது.

"பொண்ணுக்கு உடம்பு சரியில்லைன்னு போயிருந்தேங்க. நாள் இழுத்துடுச்சு. என்ன ஆச்சுன்னே தெரியல இந்தப் பூட்டுக்கு."

அப்போது சாவிக்காரர் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? அவருடைய சட்டம் வந்தது.

"எனக்கு ஒரு வழக்கம் இருக்குங்கம்மா. இது உங்க வீடுதான்னு யாராவது வந்து சொல்லணும். சொன்னாத்தான் திறப்பேன்."

"நல்ல வழக்கம்தான்" என்றார் அந்த அம்மா. "எல்லாரும் இப்படி இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்."

சாவிக்காரர் படியேறினார். அன்றைக்கு ஏறாத அதே படி. மேல்வீட்டுக் கதவைத் தட்டும்போது, கதவு திறக்கக் கூடாது, திறந்தாலும் கீழே நிற்கிற அம்மாவைத் தெரியாது என்று சொல்லிவிட வேண்டும் என்று இல்லாத சாமியை எல்லாம் வேண்டிக்கொண்டார். கதவு திறந்தது. உள்ளே அதே ரேடியோ. மாடிவீட்டு அம்மா எட்டிப் பார்த்தார். அடுத்த கணம் தடதடவென்று படியிறங்கி ஓடினார்.

"டீச்சர்! வந்துட்டீங்களா! ஒரு போன் பண்ணக் கூடாதா? ஐயோ, இளைச்சுப் போயிட்டீங்களே டீச்சர்!"

இரண்டு பேரும் கட்டிக்கொண்டார்கள். படியில் நின்று பார்த்த சாவிக்காரர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். மாடிவீட்டு அம்மா மேலே பார்த்து, "இது டீச்சர் வீடுதாங்க. கட்டின நாள்லேர்ந்து இவங்க வீடுதான். திறங்க" என்றார்.

பூட்டை உடைப்பதுபோல நடித்திருக்கலாம். அந்த யோசனை வரத்தான் செய்தது. ஆனால் கை கேட்கவில்லை. சட்டைப் பைக்குள் போய்ச் சாவியை எடுத்து, பூட்டில் நுழைத்து, ஒரு திருப்புத் திருப்பியது. கதவு வழுக்கிக்கொண்டு திறந்தது.

டீச்சர் சாவியைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். "என் வீட்டுச் சாவி உங்ககிட்ட எப்படி?"

உள்ளே டீச்சரின் மர அலமாரியைக் காணோம். மேசையைக் காணோம். ஜன்னலோரம் அக்காவின் மடக்குக் கட்டில். குளியலறை வாசலில் அக்காவின் வாளி. தரை பளபளவென்று கிடந்தது. டீச்சர் அந்தத் தரையில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சாவிக்காரர் சொல்லத் தொடங்கினார். கடைசியில் முகத்தைப் பொத்திக்கொண்டு சின்னப் பிள்ளைபோல அழுதுவிட்டார்.

டீச்சர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பெட்டியைத் திறந்து ஒரு துணிப்பையிலிருந்து மூலப்பத்திரத்தை எடுத்துக் கட்டில்மேல் வைத்தார். எந்த வங்கியிலும் இல்லை, அது ஒரு பழைய துண்டில் சுற்றியிருந்தது. "வாங்கறதுக்கு முன்னாடி பதிவு ஆபீஸ்ல போய் யார் பேர்ல இருக்குன்னு ஒரு தரம் கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்களேங்க" என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. "நாளைக்கு நீங்களும் வாங்க, சேர்ந்து போலீஸ்ல எழுதிக் குடுப்போம். சாவி மொத்தம் எத்தனை?"

"ரெண்டு."

"ரெண்டையும் குடுத்துடுங்க."

கையிலிருந்த ஒன்றைக் கொடுத்தார். மற்றது அக்காவின் கழுத்தில்.

காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டதுபோல வெள்ளைச்சட்டையின் அலுவலகத்துக்கு ஓடினார். கண்ணாடிக் கதவு, குளிர்ந்த அறை, சுவரில் கட்டடங்களின் படங்கள். வெள்ளைச்சட்டை அவரைக் கத்தவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். கத்தி ஓய்ந்ததும் டீயை நகர்த்தி வைத்தான்.

"குடிங்கண்ணே. போலீஸுக்குத்தானே? போங்க. அவங்க முதல்ல என்ன கேப்பாங்க? கதவை யார் திறந்தது? நீங்க. பூட்டை யார் மாத்தினது? நீங்க. அலமாரியைத் திறந்து குடுத்தது? நீங்க. வாசல்ல ஒட்டியிருக்கறது யார் நம்பர்? எந்த இடத்துலயாவது என் பேர் இருக்கா? முத்திரைத்தாள்ல இருக்கற கையெழுத்துகூட என்னோடது இல்ல."

சாவிக்காரர் டீயைத் தொடவில்லை.

"பணத்தைக் குடுத்துடு தம்பி" என்றார். அதட்ட வந்தவர் கெஞ்சினார். "அக்கா காசுடா. ஆயுசு முழுக்க நின்னு தேய்ச்ச காசு. என்னுதை எடுத்துக்க. அதைக் கேக்கவே மாட்டேன். அவளோடதை மட்டும் குடுத்துடு."

"குடுக்கறேனே. இல்லைன்னு சொன்னேனா?" அவன் குனிந்து, குரலைத் தாழ்த்தினான். "நாளைக்குக் காலையில ஒரு புருஷன் பொண்டாட்டி வராங்க. போட்டோவைப் பாத்தே மயங்கிட்டாங்க. உள்ள ஒரு தரம் காட்டினா கையோட பணம். அந்தப் பணம் உங்களுது. பூட்டை மாத்தறேன்னு சொல்லி அந்தம்மாவைக் கொஞ்ச நேரம் மாடிக்கு அனுப்பிவிடுங்க, போதும். நீங்க பேசவே வேணாம். வேலை பாக்கற மாதிரி நில்லுங்க."

அவர் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். எழுந்து அறைந்திருக்க வேண்டும். நம்மைப்போல வெளியே உட்கார்ந்து சொல்வது சுலபம். அவர் தலையாட்டினார். தலையாட்டிவிட்டு அந்த டீயையும் குடித்தார்.

வீட்டுக்கு வந்தால் அக்கா பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். முகத்தில் அப்படி ஒரு வெற்றி. "வீட்டுக்காரன் வந்தான்டா. மாசக் கடைசியில காலி பண்றீங்களா இல்லையான்னு கேட்டான். 'உன் மாசக் கடைசி யாருக்கு வேணும், அதுக்கு முன்னாடியே சாவியை மூஞ்சியில வீசறேன்'னு சொல்லிட்டேன். அவன் மூஞ்சியைப் பாக்கணுமே! புதுசா ஒருத்தனுக்கு இடத்தை ஒத்துக்கிட்டு முன்பணமும் வாங்கிட்டானாம்." சிரித்துக்கொண்டே கழுத்துக் கயிற்றிலிருந்த சாவியைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். தம்பி, தலை வலிக்கிறது என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்தச் சிரிப்பை அணைக்க அவரால் முடியவில்லை.

மறுநாள் காலை பையோடு போய் டீச்சர் கதவைத் தட்டினார். "பூட்டைக் கழட்டிப் பாத்துடறேன் டீச்சர். தூசியா இருக்கும். நீங்க மாடியில போய் இருங்களேன்." டீச்சர் நம்பினார். "முடிச்சுட்டுக் கூப்பிடுங்க, சேர்ந்து போலீஸுக்குப் போவோம்" என்று சொல்லிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துப் படியேறிப் போனார். அவர் முதுகைப் பார்க்க முடியாமல் சாவிக்காரர் திருப்புளியை எடுத்துக்கொண்டு கதவோரம் குந்தினார்.

வெள்ளைச்சட்டை அவர்களை அழைத்து வந்தான். இளம் வயது. அந்தப் பெண் நிறைமாதம். வீங்கிய கால்களோடு அறை அறையாக நடந்தாள். சமையலறை ஜன்னலைத் திறந்து மூடினாள். குழாயைத் திருகினாள். புருஷனைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு மூச்சு வாங்க வந்து அக்காவின் கட்டிலில் உட்கார்ந்தாள். புருஷன் தோள்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். பணம் அதில்தான் இருக்கிறது என்று யார் பார்த்தாலும் தெரியும்.

"பிடிச்சிருக்கா? அப்புறம் என்ன, ஆபீஸ்ல போய்ப் பேசிடலாம்" என்றான் வெள்ளைச்சட்டை. "சீக்கிரம் சொன்னீங்கன்னா நல்லது. இன்னொரு பார்ட்டி பணத்தோட நிக்கறாங்க."

அதே சொல். எழுத்துப் பிசகாமல் அதே சொல்.

அந்தப் பெண் எழுந்து வாசலுக்கு வந்தாள். கதவு நிலையை உள்ளங்கையால் தடவினாள். கீழே குந்தியிருந்த சாவிக்காரரைப் பார்த்தாள். "அண்ணே, ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. இவரு என்னைக் கிண்டல் பண்றாரு. இருந்தாலும் பக்கத்துல யாரையாவது ஒரு வார்த்தை கேட்டுடணும்னு எனக்கு. நீங்க இங்க வேலை பாக்கறவரு, உங்களுக்குத் தெரியுமில்ல? இது இவங்க சொல்ற ஓனரோட வீடுதானா?"

இத்தனை காலமாக அவர் மற்றவர்களைக் கேட்ட கேள்வி. இப்போது அவரைப் பார்த்து வந்துவிட்டது. பின்னால் வெள்ளைச்சட்டை தொண்டையைச் செருமினான். ஆமாம் என்று ஒரு தலையசைப்பு போதும்; அக்காவின் பணம் வந்துவிடும், கட்டிய சாக்கு வேறொரு சொந்தக் கதவுக்குள் போகும். அக்காவின் முழங்கால் கண்முன் வந்தது. இந்தப் பெண்ணின் வீங்கிய கால் அதற்குப் பக்கத்திலேயே நின்றது.

"என்னைக் கேக்காதீங்கம்மா" என்றார். திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் சொன்னார். "என்னைக் கேக்காதீங்க. மேல ஒரு வீடு இருக்கு. போய்க் கதவைத் தட்டிக் கேளுங்க."

"யோவ்!" என்றான் வெள்ளைச்சட்டை. அவனிடமிருந்து முதன்முறையாக 'அண்ணே' போய்விட்டது.

"தட்டுங்கம்மா. டீச்சர்னு கூப்பிடுங்க. இது அவங்க வீடு. இவன்கிட்ட நானும் பணத்தைக் குடுத்து ஏமாந்தேன்."

வெள்ளைச்சட்டை வண்டிக்கு ஓடிய வேகத்தில் அவன் கால் பட்டு அக்காவின் மிதியடி வாசலுக்கு வெளியே போய் விழுந்தது. மேலேயிருந்து டீச்சர் இறங்கி வருவதற்குள் அவன் தெருமுனையைத் தாண்டிவிட்டான். அந்தப் பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல அங்கேயே உட்கார்ந்தாள். அவள் புருஷன் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சாவிக்காரரின் கையைப் பிடித்து என்னென்னவோ நன்றி சொன்னான். சாவிக்காரருக்கு ஒன்றும் காதில் விழவில்லை.

டீச்சர், சாவிக்காரர், அந்தப் பெண்ணின் புருஷன் என்று மூன்று பேருமாகப் போலீஸில் எழுதிக் கொடுத்தார்கள். அலமாரியைத் திறந்ததுவரை எதையும் மறைக்காமல் சொன்னார் சாவிக்காரர். எழுதிக்கொண்ட அதிகாரி, கூப்பிடும்போது வர வேண்டும், ஊரை விட்டு எங்கும் போகக்கூடாது என்றார். கண்ணாடிக் கதவு அலுவலகத்துக்கு ஆள் போனபோது அது பூட்டிக் கிடந்தது. போன் அணைந்திருந்தது. கிடைத்தால் சொல்கிறோம் என்றார்கள். அவர்கள் சொன்ன விதத்திலேயே கிடைக்காது என்பது தெரிந்தது.

இனி ஒரு வேலைதான் பாக்கி. அச்சகத்துப் பின்கட்டில் அக்கா கட்டிய சாக்கின்மேல் உட்கார்ந்து தம்பிக்காகக் காத்திருந்தாள். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்ததால் அவர் சொன்னதை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. ஐயோ, அதை ஒரு தடவை சொல்வதே கொடுமை.

அக்கா அழவில்லை. மாரில் அடித்துக்கொள்ளவில்லை. சாக்கின் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அந்தப் புள்ளத்தாச்சி பணம் தப்பிச்சுதா?" என்று கேட்டாள்.

"தப்பிச்சுதுக்கா."

"ம்." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "முதல் நாளு அவன் உன்னைக் கூப்பிட்டானே, பூட்டைத் திறன்னு. அன்னைக்கு யார் வீட்டையாவது தட்டினியா?"

சாவிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"தட்டினியாடா?"

"இல்லக்கா. மேல ரேடியோ பாடிக்கிட்டு இருந்துச்சு. ஆள் இருக்குன்னு தெரியும். தட்டல."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அதைத் துடைக்காமலே கழுத்துக் கயிற்றைத் தலைவழியாகக் கழற்றினாள். முடிச்சை அவிழ்க்க விரல் ஒத்துழைக்கவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தாள். சாவியைத் தம்பியின் உள்ளங்கையில் வைத்து, அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள்.

"கொண்டுபோய்க் குடுத்துடு. சாவி கையில இருக்குன்னு நீயா திறந்துட்டுப் போயிடாத. தட்டிட்டுப் போ."

பிறகு சாக்கை அவிழ்த்து ஒரே ஒரு பாத்திரத்தை மட்டும் வெளியே எடுத்தாள். இரண்டு பேரும் சாப்பிட அது ஒன்று போதும். மற்றதெல்லாம் அப்படியே கிடக்கட்டும் என்று முடிச்சை மறுபடியும் இறுக்கினாள். மாசக் கடைசிக்கு எப்படியும் கட்டத்தானே வேண்டும்.